ஒற்றைக் காது தெரியும் அரை ரூபாய்

1

என் மனைவி நாகேஸ்வரி மறைந்து ஓராண்டு நிறைவதற்குச் சில நாள்கள் இருந்தன. நம் ஊரில் ஆட்டைத் திவசம் என்று நாம் சொல்வதை இங்கே வருஷத் திதி என்கிறார்கள். பதினேழு ஆண்டுகளாகப் பெங்களூரில் வாழ்ந்தும், துக்கத்துக்குரிய சொற்களை மட்டும் நான் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

திவசத்துக்குப் பூச் சொல்லிவைப்பதற்காக விவேக் நகர்ச் சந்தியில் பூக்கட்டும் மேரியம்மாவிடம் போனேன். எங்கள் வீடு அதற்கு அடுத்த தெருவில். கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் நான் இந்த நகரில் மிக நீண்ட காலமாகப் பேசிப் பழகியவர்களுள் அவர் ஒருவர். முன்பணமாக, அன்று காலை வங்கியில் கிடைத்த புதிய அரை ரூபாய் ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"சார், இது வாணாம். வேற குடுங்க."

"ஏன், அரை ரூபாய்தானே?"

"எட்டணா மாதிரிதான் கீது. ஆனா சிங்கத்துக்குப் பின்னால யாரோ மொட்டத்தல ஆளு நிக்கிறாரு. யாரு சார் இவரு? எந்த ஊரு காசு? உங்க சிலோன் காசா?"

"இந்த நாட்டுக் காசுதான் அம்மா. காலமாகிப்போன பிரதமர்."

மேரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா தமாஷ் பண்ணாதீங்க சார். அவருக்குக் குல்லா இருக்கும். குல்லா எங்க?"

காலண்டரிலும் செய்தித்தாளிலும் சினிமாவுக்கு முன் காட்டும் செய்திப் படத்திலும் நாம் அறிந்த அந்த வெள்ளைத் தொப்பி இந்த நாணயத்தில் இல்லை. சட்டையில் செருகிய ரோஜாவுக்கும் இடமில்லை. வெறுந்தலை, ஒரு பக்கத்து முகம், ஒரு கண், ஒரு காது. அவ்வளவே.

மேரியம்மா நாணயத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். மூக்கின் கோட்டை நகத்தால் தொடர்ந்தார். பின்னர் அவர் குரல் தணிந்தது.

"ஐயோ, யேசுவே. அவருதான். தூங்கி எழுந்தாப்புல கீறாரு."

நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லாப்பெட்டியில் போடவில்லை. பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த மாதா படத்தின் ஓரத்தில் செருகினார்.

"செலவு பண்ணமாட்டீர்களா?"

"செத்துப்போனவங்க மூஞ்சிய எப்படி சார் செலவு பண்றது?"

கிரேக்க, ரோம நாணயங்களைப் பற்றி ஆண்டுதோறும் விரிவுரை ஆற்றுகிறவன் நான். இந்தக் கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை.

2

நாகேஸ்வரியும் நானும் இந்த நகருக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தோம். சில வாரங்களில் சுதந்திரம் வந்தது. அன்று காலை கன்டோன்மென்ட் கடைவீதி முழுக்கத் தோரணம். முன்பின் அறியாத ஒருவர் எங்கள் இருவர் கையிலும் மிட்டாய் திணித்துவிட்டுப் போனார். ஒரு பேரரசு ஒரே இரவில் விலகியதைக் கண்ணால் கண்டோம் என்ற வியப்பில் நான் தோரணங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாகேஸ்வரி கற்பூரம் வாங்கினாள். கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள்.

"சுதந்திரம் எண்டு சொல்லினம். தலை இன்னும் போகேல்லையே," என்றாள்.

முடி சூடிய மன்னர் எல்லா நாணயங்களிலும் இருந்தார். அதன் பின்னும் சில ஆண்டுகள் இருந்தார். ஆட்சி போய்விட்ட பின்னரும் முகம் கைமாறிக்கொண்டே இருக்கும் விந்தையை, புத்தகத்தில் படித்ததைவிட அவளுடைய உள்ளங்கையில்தான் நான் தெளிவாகக் கண்டேன். நம் ஊரிலோ அண்மைக்காலம் வரை மகாராணியே இருந்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அந்த நாணயங்களில் மதிப்பைத் தமிழிலும் எழுதினார்கள். 'சதம்' என்ற எழுத்துள்ள காசுகள் சிலவற்றை அவள் ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தாள். எப்போதாவது வெளியே எடுத்து வாசிப்பாள். காசை எண்ணுகிறவர்கள் உண்டு. வாசிக்கிறவளாக நான் அவளை மட்டுமே கண்டேன்.

ஐம்பதில் குடியரசு தன் முதல் நாணயங்களை வெளியிட்டது. மன்னர் இருந்த இடத்தில் சிங்கங்கள் வந்தன. எங்கள் மகள் பவானி பிறந்த ஆண்டு அது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாகேஸ்வரி நாணயத்தை ஆராய்ந்தாள்.

"நாலு சிங்கம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மூண்டுதான் தெரியுது."

"நாலாவது பின்பக்கம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது."

"தெரியாததும் இருக்குது எண்டு நம்பவேணும். அப்பிடித்தானே?"

அது கேலியா, ஒப்புதலா என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு நயா பைசா வந்தது. கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் தெருத்தெருவாகச் சண்டையிட்டு, கடைசியில் அரை ரூபாயை எட்டணா என்றே அழைத்துச் சமாதானம் ஆனார்கள். இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் குடியரசு எந்த மனிதரின் முகத்தையும் நாணயத்தில் பொறிக்கவில்லை. நாட்டையே தன் குரலால் கட்டிவைத்திருந்தவர் உயிரோடிருந்தார். அவர் படம் இல்லாத பள்ளிக்கூடச் சுவர் இல்லை. ஆனால் காசில் அவர் இல்லை. உயிருள்ளவரின் தலையைக் காசில் அடிக்கத் தயங்கிய ஒரு காலம் ரோமுக்கும் இருந்தது. அந்தத் தயக்கம் உடைந்த நாளிலிருந்து அதன் வரலாறு எப்படித் திரும்பியது என்பதை நான் பாடமாகச் சொல்கிறேன். இங்கே அந்தத் தயக்கம் உடையவில்லை. அவருடைய முகம் காசுக்கு வர, அவர் போகவேண்டியிருந்தது.

அவர் போன நாள் கோடை விடுமுறையில் வந்தது. நாகேஸ்வரி போய் மூன்று மாதங்கள். பிற்பகலில் வானொலி பாட்டை நிறுத்திவிட்டுச் சாரங்கியை மட்டும் வாசித்தது. நான் வெளியே வந்தேன். கடைகள் யாரும் சொல்லாமலே மூடிக்கொண்டிருந்தன. மேரியம்மா மீந்த பூவையெல்லாம் ஒரு காலண்டர் படத்துக்குச் சாத்தியிருந்தார். ஆட்டோக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் காவலர் ஒருவரும் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று அந்தத் தெருவில் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை. எனக்கும் அப்படியே.

3

நம்மவர் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கல்வெட்டு வெளியிட்டிருக்கவேண்டும். நான் வெளியிடவில்லை. இறந்தவரின் படத்தை முன்னே வைத்து, அவர் வரலாற்றையும் பாக்களையும் அச்சிட்டு உறவினர் கையில் கொடுக்கும் அந்தச் சிறு நூலை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று உங்களில் பலர் எழுதிக் கேட்டீர்கள். அதற்குரிய விளக்கமே இந்தக் குறிப்புகள்.

முதலில் சொல் தடுத்தது. கன்டோன்மென்ட் பக்கம் உள்ள தமிழ் அச்சகத்துக்குப் போய், "ஒரு கல்வெட்டு அடிக்கவேண்டும்" என்றேன். அச்சக உரிமையாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், நாங்க பேப்பர்லதான் அடிப்போம். கல்லுன்னா ஆனேக்கல் ரோட்டுல ஆளுங்க இருக்காங்க, விலாசம் தரட்டுமா?"

வரலாற்று ஆசிரியன் நான். கல்வெட்டு என்றால் இங்கே என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் வாயில் ஊர்தான் வந்தது. விளக்கிச் சொன்னதும் அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு, "படம் குடுங்க சார், ப்ளாக் பண்ண அனுப்பணும்," என்றார்.

படம்தான் இல்லை.

எங்கள் கல்யாணப் படம் ஊரில் கறையானுக்கு இரையானது. நாகேஸ்வரி கமராவுக்கு முன் நிற்க விரும்பாதவள். வாழ்நாளில் ஒரே ஒரு தேவைக்காகத்தான் படப்பிடிப்பு நிலையத்துக்குப் போனாள். ஐம்பத்தெட்டில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவதற்காகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது. நான் முன்னறையில் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. படம் வந்தபோது அவள் முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. கன்னம், மூக்கு, ஒரு கண், ஒற்றைக் காதில் தோடு. அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. "ரெண்டு காதும் தெரியணும் சார்" என்று திருப்பித் தந்தார்கள். மறுநாள் நேர்முகமாக ஒன்று எடுத்துக் கொடுத்தோம். அதை விண்ணப்பத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அங்கே மூண்ட இனக்கலவரத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பயணம் நின்றது. அதன் பின் அவள் ஊருக்கு வரவேயில்லை.

ஆக, என் கையில் எஞ்சியது அலுவலகம் வேண்டாமென்று தந்த படம். அதைப் பற்றி அவளுடைய தமையனாருக்கு எழுதினேன். அவர் கோபக்காரர் அல்லர்; தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர். பதில் வந்தது:

"தம்பி, அந்தப் படத்தைப் போடவேண்டாம். பதினேழு வருசமா வராதவள், செத்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்கிறாள் எண்டு சனம் கதைக்கும். எங்களோட கோவம் எண்டு நினைக்கும். படமில்லாமலே அடி."

அவர் எழுதியதில் பிழையில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பதற்கு நம் மொழியில் ஒரே பொருள்தான் உண்டு. ஆனால் படமில்லாக் கல்வெட்டு என்றால், அவளுக்கு இந்த உலகில் எங்கும் முகம் இருக்காது.

4

படம் எடுத்த நிலையம் இப்போது இல்லை. நேர்முகப் படத்தைத் திரும்பப் பெறலாம் என்று எண்ணிக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போனேன். இளம் எழுத்தர் மரியாதையாக நடந்துகொண்டார். கன்னடத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"ஃபைல்ல ஒட்டுன போட்டோ வாபஸ் ஆகாது சார். காப்பி வேணும்னா அப்ளிகன்ட் வந்து சைன் பண்ணணும்."

"விண்ணப்பதாரர் என் மனைவி."

"பரவால்ல சார், மேடத்த நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"அவர் காலமாகிவிட்டார்."

எழுத்தர் பேனாவை மூடினார். "ஹௌதா… சாரி சார்." பிறகு, உதவ வேண்டுமென்ற உண்மையான ஆர்வத்தோடு ஒரு விதிப் புத்தகத்தை நெடுநேரம் புரட்டினார். "அப்ளிகன்ட் உயிரோட இல்லன்னா ஃபைல் க்ளோஸ் ஆகிடும். க்ளோஸ் ஆன ஃபைல் இங்க இருக்காது. எங்க போகும்னு எனக்கே கொத்தில்ல, தெரியாது சார்."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவள் இரண்டு காதுகளோடும் நேரே பார்த்தபடி, எந்த ஊர்க் கட்டடத்திலோ ஒரு கட்டுக்குள் இருக்கிறாள். நாலாவது சிங்கத்தைப்போல.

5

மேரியம்மாவிடம் பூச் சொல்லிவைத்த அன்று மாலை, வங்கியில் கிடைத்த அதே வகை நாணயங்கள் இன்னும் இரண்டை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் பெயர் ஆங்கிலத்தில். மற்றதில் நாகரியில். பவானி பள்ளியிலிருந்து வந்து, இந்தியில் இருந்ததை ஒரே மூச்சில் வாசித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்பா. இதுக்கா இவ்ளோ நேரம்?"

என் மகள் பேசும் தமிழ் இது. வீட்டில் தாயின் தமிழைப் பேசி வளர்ந்தவள். பள்ளியில் அதைக் கேட்ட பிள்ளைகள் "மலையாளம், மலையாளம்" என்று பரிகசித்தார்கள். ஒரு காலத்தில் மேரியம்மாவும் அப்படித்தான் நினைத்தார். நாகேஸ்வரி, "என்ன விலை சொல்லுறாய்?" என்று கேட்டதும், "ஏம்மா, நீங்க கொச்சியா?" என்றார். இவள் சிரித்துக்கொண்டே, "நான் கதைக்கிறது தமிழ். நீ கதைக்கிறது என்னெண்டுதான் எனக்கு விளங்கேல்லை," என்றாள். அன்றிலிருந்து அவர்கள் தோழிகள். ஆனால் பெரியவர்களுக்குத் தோழமையாக முடிந்த கேலி பிள்ளைக்கு அப்படி முடியவில்லை. பவானி வெளியே கன்னடமும் இந்த நகரத்துத் தமிழும், உள்ளே தாயிடம் மட்டும் தாயின் தமிழும் என்று வகுத்துக்கொண்டாள். தாய் போனபின் அந்தத் தமிழும் நின்றது. அவள் வாயிலிருந்து நம் ஊர்ச் சொல் ஒன்றை ஓராண்டாக நான் கேட்கவில்லை. கேட்கவேண்டுமென்று வற்புறுத்தவுமில்லை.

பவானி உள்ளே போனபின் நாணயத்தின் அருகே நாகேஸ்வரியின் படத்தை வைத்தேன். இந்தச் செயலுக்கு நான் எந்த நோக்கமும் கற்பிக்க முடியாது. வைத்தேன், பார்த்தேன்.

நாணயத்துக்கு அச்சு வெட்டுபவர் முழு முகத்தை ஏன் தவிர்க்கிறார் என்று மாணவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நேர்முகத்தில் மூக்குத்தான் மேடு. கை பட்டுப் பட்டு அதுவே முதலில் தேயும். பக்கத்து முகத்தை ஒரு கோடு காக்கும். நெற்றியில் தொடங்கி மூக்கில் எழுந்து உதட்டில் தயங்கி மோவாயில் முடியும் அந்த ஒரு கோடு, ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் இன்னார் என்று சொல்லிவிடும். நம் தென்னாட்டில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் சிலவற்றில் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். அந்நிய மன்னனை ஒழித்து, பொன்னை மட்டும் பொன்னாகச் செலாவணி செய்வதற்காக இருக்கலாம் என்பார்கள். முகம் இருக்கும்வரை அது வெறும் உலோகம் ஆகாது என்ற அச்சம் அந்த உளிக்காரருக்கும் இருந்திருக்கிறது. மேரியம்மாவின் கேள்வியைத்தான் அவரும் கேட்டிருக்கிறார். விடையை மட்டும் வேறு விதமாகக் கண்டார்.

இந்த அரை ரூபாயில் முடி இல்லை, குல்லா இல்லை, பதவியின் அடையாளம் ஏதுமில்லை. ஒரு நாடு தன் பெருந்துக்கத்தைச் சொல்ல நினைத்தபோது இதையே போதும் என்று தேர்ந்தது: ஒரு கோடு, ஒரு காது. பாதி முகத்தைக் கொடுத்துவிட்டு மறு பாதியைக் கோடிக்கணக்கான மக்களின் நினைவிடம் ஒப்படைத்துவிட்டது. அந்தத் துணிவை எண்ணி அன்று மாலை விளக்கேற்றவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆயினும் மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்பது நாணயவியலுக்குள் வராது. நாட்டின் தலைவர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் யாரும் அவரைக் கோபக்காரர் என்று சொல்லமாட்டார்கள். தமையனாரின் சொல்லையே ஏற்று, படமில்லாமல் அச்சிடச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

6

மறுநாள் அச்சகத்துக்குப் புறப்பட்டபோது பவானியும் வந்தாள். அவள் பள்ளிப் பேருந்து அந்தச் சந்தியில்தான் நிற்கும். படம் என் சட்டைப் பையில் உறைக்குள் இருந்தது. அதை ஏன் எடுத்துப்போனேன் என்று தெரியவில்லை. கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை.

மேரியம்மா எங்களைக் கண்டதும் பெட்டியைத் திறந்து காட்டினார். அரை ரூபாய் மாதாவின் காலடியில் இருந்தது.

"எல்லாருக்கும் காட்டிட்டேன் சார். ஒருத்தனுக்கும் தெரியல. குல்லா இல்லாம கண்டுபிடிச்சது நான் ஒருத்திதான்!"

"நான் சொன்ன பிறகுதானே அம்மா."

"ஸ்வல்ப நீங்க சொன்னீங்க, மிச்சம் நானே கண்டுபிடிச்சேன்." பூவைக் கட்டியபடியே கேட்டார்: "அம்மாவுக்குப் படம் வெச்சுத்தான கும்புடுவீங்க? மாலை எவ்ளோ நீளம் வேணும்? படத்தோட அளவு சொல்லுங்க."

உறையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

பிரதமரைக் கண்டுகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. இதற்கு இமைக்கும் நேரமும் பிடிக்கவில்லை.

"அய்ய, நம்ம கொச்சிக்காரி!" என்றார். சத்தமாகச் சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே கண் நிறைந்தது. "இப்படித்தான சார் நிப்பாங்க? வெல பேசிக்கினே இருப்பாங்க, திடீர்னு யாரு கூப்ட்டாலும் இப்படித்தான் திரும்புவாங்க. பாருங்க, வாய் பாதி தொறந்துகீது. யாரோ கூப்ட்டாங்க சார். 'என்ன'ன்னு கேக்கப் போறாங்க. யாரு கூப்ட்டது?"

நான் படத்தை மீண்டும் பார்த்தேன். ஏழு ஆண்டுகளாக அதை வைத்திருக்கிறேன். திரும்பிய முகத்தைக் கண்டேன். திறந்த வாயைக் கண்டதில்லை.

"தெரியாது அம்மா. நான் வெளியே இருந்தேன்."

பக்கத்தில் புத்தகப் பையோடு நின்ற பவானி படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான்தான் கூப்பிட்டனான்."

மேரியம்மாவுக்கு அந்தச் சொல் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. 'கூப்பிட்டேன்' என்று இந்த நகரமே சொல்லும். 'கூப்பிட்டனான்' என்று சொல்ல இங்கே ஒருத்திதான் இருந்தாள்.

"பெரிய வெளிச்சம் போட்டவங்கள். எனக்குப் பயமாக் கிடந்தது. அம்மா எண்டு கூப்பிட்டனான். அம்மா திரும்பினவ." புத்தகப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "நான் கூப்பிட்டபடியால்தான் படம் பழுதாப்போச்சுது எண்டு, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பழுதாகப் போகவில்லை," என்றேன். அவள் பேருந்தில் ஏறினாள். நான் அச்சகத்துக்குப் போய்ப் படத்தைக் கொடுத்தேன்.

திவசம் முடிந்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து கப்பல் வழியில்லை. ஆகவே கல்வெட்டுப் பிரதிகளை விமானத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சற்றுப் பிந்தி வந்தாலும் வந்து சேரும். அட்டையைத் திருப்பியதும் அவளைக் காண்பீர்கள். தமையனார் முதலில் பார்க்கட்டும். அவளுக்கு உங்களோடு எந்தக் கோபமும் இல்லை.

மகள் கூப்பிட்டவள். அதுதான் திரும்பினவ.